நீலச் சொட்டு

துணி வெட்டும் மேஜையின் மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வாளியை நகர்த்தி வைத்த தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. எம்பிராய்டரி மெஷின் வாங்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தாள். மாடித்தளம் முழுவதையும் கொத்திப் போடவேண்டும் என்று காலையில் வந்த கான்ட்ராக்டர் சொன்ன தொகை, அந்த மெஷினை அப்படியே விழுங்கிவிடும்.

அவள் கணவரும் சும்மா இருக்கவில்லை. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மூன்று வருஷமாகத் தவறாமல் சிமென்ட் பூசினார். மாடியில் ஒரு திட்டே எழுந்து நின்றது. ஒழுகல் மட்டும் அவரைச் சட்டை செய்யவேயில்லை.

மழை விட்டதும் வேறொரு கொத்தனார் வந்தார். நெட்டையாக இருப்பதால் எல்லோருக்கும் அவர் 'ஏணி'. வந்தவர் தொகையே சொல்லவில்லை.

"அக்கா, சொட்டு நீலம் இருக்கா?"

"ஏன், துணி வெளுக்கப் போறீங்களா?"

"ஓட்டை சின்னதா பெருசாங்கறதுல இல்லக்கா செலவு. எங்க இருக்குன்னு தெரியாம கொத்துறதுலதான் இருக்கு."

நீலம் கரைத்த தண்ணீரை மாடியில் ஓரோர் இடமாக ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். கீழே இவள் மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து அண்ணாந்து நின்றாள். திட்டைச் சுற்றி ஊற்றியாயிற்று, ஒன்றுமில்லை. சுவரோரம், அங்கேயும் இல்லை. மெஷின் போயே போய்விட்டது என்று நினைத்தபோது, துணியில் பொட்டு வைத்ததுபோல் ஒரு நீலச் சொட்டு விழுந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

அவள் போட்ட கூச்சலில், யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டதென்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

மேலே ஓடிப் பார்த்தால், திட்டிலிருந்து பத்தடி தள்ளி, துணி காயப்போடும் கம்பத்தடியில் ஏணி நின்றிருந்தார். அவள் கஷ்டப்படக் கூடாதென்று கணவரே தளத்தில் துளை போட்டு நட்ட கம்பம் அது. அவள் பின்னாலேயே ஏறி வந்த கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணி இங்க இறங்கி, தளத்துக்குள்ளயே ஓடி அங்க சொட்டுது. இத அடைக்க அரை நாள் கூலி போதும். ஆனா அந்தத் திட்டு தண்ணிய மறிச்சு இந்தப் பக்கமே தள்ளுது. அதப் பெயர்க்கத்தான் ரெண்டு நாள். பெரிய செலவே அதுதான்" என்றார் ஏணி.

"பூசின கையே பெயர்க்கட்டும்" என்று சிரித்தாள் அவள். கணவர் உளியை எடுத்தார்.

அடுத்த வாரம் மெஷினும் வந்தது, மழையும் வந்தது. வாளி காய்ந்து கிடந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீலம் விழுந்த அந்த வெள்ளைத் துணியில் கணவருக்குச் சட்டை தைத்தாள். கறையை மறைக்காமல், அதன்மேல் ஒரு குட்டிக் கம்பத்தை எம்பிராய்டரி போட்டாள்.

"கிண்டலா?" என்றார் அவர்.

துவைக்கக்கூட அந்தச் சட்டையை அவரிடமிருந்து கழற்றி வாங்க அவளால் முடியவில்லை.