காளியம்மா வீட்டு அலைவரிசை

எழுபத்து நாலாம் வருஷத்து அடைமழையிலிருந்து, காளியம்மா தன் வீட்டுக்குள் பேசியதெல்லாம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளின் ரேடியோக்களில் கேட்டது. கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. புருஷன் இருளப்பன் செத்தபின், ஆளில்லாத வீட்டில் வாய் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து அடுப்போடு பேச ஆரம்பித்தவள் அவள். லயத்தில் ரேடியோ இல்லாத ஒரே வீடு அவளுடையது என்பதால் விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவாளே என்று மற்றவர்களும் மூச்சு விடவில்லை. பட்டணத்து நிலையங்கள் அந்த மலைக்கு இரைச்சலாகத்தான் எட்டும். இவள் குரலோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. சேதி பரப்ப வேண்டியவர்கள் அவள் ஜன்னலடியில் நின்று, தங்களுக்குள் பேசுவதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டிலும், "கேட்டியா அடுப்பே, செல்லையாவோட ஆட்டைக் காணோமாம். ஆட்டுக்காவது புத்தி இருக்கு, அந்த வீட்டுல யாரு குடியிருப்பா" என்று வரும். கல்யாணம், கருமாதி, ரிங்லெட்டுக்கு லோரி போகும் நேரம் எல்லாம் அப்படித்தான் லயத்துக்குத் தெரிந்தது.

ஆனால் உள்ளே மட்டும் எவரும் கால் வைக்கவில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு சரோஜா அங்கே உட்கார்ந்து வேலை பிரித்துக் கொடுக்கும் தோட்டத்துக் கணக்கர் கிராணியைத் திட்டியது, கிராணி வீட்டு ரேடியோவிலேயே ஒலித்தது. மறுநாளே அவளுக்குச் செங்குத்துச் சரிவில் கொழுந்தெடுக்கும் வேலை விழுந்தது. அதோடு வாசல் ஓய்ந்தது. தீபாவளிக்குத் தீபாவளி காளியம்மா முறுக்குச் சுட்டு வாசலையே பார்த்திருப்பாள். ஜன்னல் கட்டையில் பலகாரத் தட்டுகள் சேரும். வைத்த கையை அவள் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றில், பேச்சுத் துணைக்கென்று தானா ராத்தாவில் ஒரு ரேடியோ வாங்கி வந்தாள். தீபாவளி காலையில் அதைத் திருகி, "யாரு பேசப் போறாங்களோ" என்றாள். பெட்டியும் அதையே சொன்னது. பிறகு லயம் முழுக்கக் கேட்டது: "இத்தனை வருஷமா எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா? நான் அடுப்புகிட்ட பேசுறேன்னு நெனச்சேன். முறுக்கு நமுத்துப் போவுது லா." அதன்பின் கதவு திறக்கும் சத்தம், மழைச் சத்தம்.

வீட்டுக்கு வீடு ரேடியோ முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஈரச் செருப்பை உதறும் ஓசை வந்தது. "முறுக்கைக் கையில குடுக்கா," என்றது சரோஜாவின் குரல். "கிராணி கேட்டா கேட்டுட்டுப் போறாரு லா."

முதலில் அணைந்தது கிராணி வீட்டு ரேடியோதான். பிறகு வரிசையாக மற்ற வீடுகள். காளியம்மாவின் குரல் அதற்கப்புறமும் தினமும் வந்தது. அவள் வாசலில் வேற்றுச் செருப்பு கிடந்தால் மட்டும் ரேடியோவைத் திருகுவதில்லை என்பது மேட்டு லயத்து வழக்கமாயிற்று.