ஒரு காம்பில் மூன்று பூ

திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கதிரை ஒடித்தான். ஆராய்ச்சிச் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குள் புழுக்கம் ஆளைக் கொன்றது. அக்காவின் தொட்டிகள் இடது வரிசையில் இருந்தன. அவன் ஒடித்ததோ வலது வரிசையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வளர்த்திருந்த சாதாரண நெல்லில்.

நெல்லில் ஒரு காம்புக்கு ஒரு பூ, ஒரு பூவுக்கு ஒரு மணி. ஊர் உலகத்தில் நடப்பது அதுதான். அக்கா ஒரே ஒரு ஜீனை மாற்றி, ஒரு காம்பில் மூன்று பூ வர வைத்திருந்தாள். மூன்றும் மணியானால் விளைச்சல் எங்கேயோ போய்விடும். ஏசி மெக்கானிக்கான தம்பிக்கு அவள் படிப்பில் புரிந்தது அவ்வளவுதான்.

"எல்லாம் பதருங்க," என்று சற்று முன்தான் சொல்லியிருந்தாள் அங்கே தண்ணீர் ஊற்றும் அம்மா. "அமுக்கிப் பாத்தேன், ஒண்ணுகூட கெட்டியா இல்ல. பிரிச்சுப் பாக்கலாம்னா, தான் வர்ற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. இதை அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

மேடம் இனி வரப்போவதில்லை. கட்டி மூளைக்கும் பரவிப் பார்வையைப் பறித்துக்கொண்டுவிட்டது. காலையில் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார். அவனைத் தவிர அவளுக்குச் சொந்தம் யார்? அக்கா கேட்டதெல்லாம் ஒரு கதிர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு சாவுக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான்.

"நல்லா நெறஞ்சிருக்குக்கா," என்று கதிரை அவள் கையில் வைத்தான்.

அக்காவின் விரல்கள் நுனியிலிருந்து அடிவரை ஊர்ந்தன. பாதியிலேயே நின்றன.

"ஒரு காம்புக்கு ஒண்ணுதான்டா இருக்கு. இது பக்கத்து வரிசை."

அவன் கதிரை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"என்னுது பதரா?"

"ஆமாக்கா."

"மக்கு. பதரா இருந்தா என்னடா? மணி நெறையறதுக்கு வேற ஜீன் இருக்கு, அதை எவனாவது தேடிப்பான்." மூச்சு வாங்கியது. "என் பூ ஒழுங்கா உருவாச்சான்னுதான் எனக்குத் தெரியணும். உமியப் பிரிச்சா உள்ள சின்னதா சூல் இருக்கும், அதுமேல ரெண்டு குட்டி பிரஷ் காஞ்சு ஒட்டியிருக்கும். மூணுலயும் அது இருந்தா நான் சொன்னது சரி. இல்லேன்னா அத்தனை வருஷமும் வீண். போய்க் கொண்டுவா."

"இப்பவா? உன்னை விட்டுட்டா?"

"உன் முகத்தைப் பாத்துக்கிட்டிருக்க கண்ணு இருக்கா எனக்கு? ஓடுடா."

சாகப்போகிற நேரத்திலும் வாய் மட்டும் குறையவில்லை. ஓடினான்.

அக்கா பிரிக்கச் சொன்னதைத் தண்ணீர் ஊற்றும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, இடது வரிசைக் கதிரோடு அவன் திரும்பி வந்தபோது நர்ஸ் அக்காவின் முகவாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்பதான் சார், கொஞ்சம் முன்னாடி. நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டாங்க," என்றாள்.

முதலிலேயே இதைக் கொண்டுவந்திருந்தால் அக்கா தெரிந்துகொண்டு போயிருப்பாள். தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவனுக்கு. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கம்ப்ரசரைக் கழற்றிப் பழகிய தடித்த விரல்கள். நகத்தால் முதல் நெல்லின் உமியைப் பிளந்தான். உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஏதோ சுருங்கிக் கிடந்தது, அதன் தலையில் இரண்டு பிரஷ். இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதை ஜன்னலோரம் எழுந்துபோய் வெளிச்சத்தில் பிளந்தான். இருந்தது. நம்பாமல் அடுத்த காம்பையும் பிரித்தான், அதற்கடுத்ததையும்.

"சார், கொண்டுபோகணும்," என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம்மா."

போன் அடித்தது. தண்ணீர் ஊற்றும் அம்மா.

"என்னங்க ஆச்சு? பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இருக்குங்க. மூணு பூவுலயும் இருக்கு. அக்கா சொன்னது சரி."

"கடவுளே! மேடத்துக்குச் சொல்லிட்டீங்களா?"

அவன் கட்டிலைப் பார்த்தான்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மக்குன்னு திட்டினா," என்றான். அந்த அம்மா சிரிப்பது கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அக்காவின் போர்வைமேல் சிதறிக் கிடந்த உமியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.