பைக் இறங்கினால்தான் கதவு

லொரெட்டா பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் தவழ்ந்து போனது ஒரு ஃபைலை எடுக்க. முன் சீட்டில் கணவன் வெண்டலின் ஹெல்மெட்டும் பூட்ஸும் நெஞ்சுக் கவசமும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்ததால் நேற்றே அந்த ஃபைல் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அவள் ஏறும்போது அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

ஃபைலுக்குள் அவளுடைய மருத்துவச் சான்றிதழும் பழகுநர் உரிமமும் இருந்தன. காலை பத்து மணிக்கு வின்னமக்கா ஊரில், பள்ளிப் பேருந்துகள் நிற்கும் யார்டில் அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. இன்றைக்குத் தவறவிட்டால் தேர்வாளர் அந்தப் பக்கம் மறுபடி வர அக்டோபர் ஆகும். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது, பேருந்து ஓட்டும் வேலையை அதுவரை யாரும் அவளுக்காகப் பொத்தி வைக்கப்போவதில்லை. மூன்று மாதமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டே பேருந்தின் பாகங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தாள். அவளுடைய காரின் கியர்பாக்ஸ் செத்து ஒரு வாரம் ஆகிவிட்டதால், பைக் பந்தயத்துக்குப் போகிற வழியில் வெண்டல் அவளை யார்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

தொட்டிக்கு மேலே ஃபைபர் கூடு மாட்டியிருந்தது. நிமிர்ந்து உட்கார முடியாது. உதிரி டயர், பெட்ரோல் கேன், கருவிப்பெட்டி எல்லாம் தாண்டி, முன்கோடியில் ஃபைல் அவள் கைக்குக் கிடைத்த அதே நேரத்தில், பின்கதவு தடால் என்று மேலே ஏறி மூடிக்கொண்டது. அதன் மேலே இருந்த கறுப்புக் கண்ணாடியும் இறங்கிப் பூட்டிக்கொண்டது.

"ஏய், நான் உள்ள இருக்கேன்!"

வெளியே நின்று மூடிய வெண்டலின் காதில் இயர்ஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு பைக்கையும் ஸ்டார்ட் செய்து உறுமவிட்டுப் பார்த்தான். பிறகு அணைத்து, சாய்பலகையில் உருட்டி, வண்டியின் பின்னால் ஹிட்ச் என்கிற இழுவைக் கொக்கியில் செருகியிருந்த இரும்பு கேரியர் மேல் ஏற்றினான். பைக் பின்கதவை ஒட்டிக் குறுக்கே நின்றது. ஹேண்டில்பாருக்கு இரண்டு பட்டை, சீட்டுக்கு அடியில் ஒன்று. பட்டையை முறுக்கும் ராட்செட் 'கிரிக் கிரிக்' என்று இறுகுகிற ஒவ்வொரு சத்தமும் லொரெட்டாவின் பல்லில் கேட்டது. கண்ணாடியைக் கையால் அடித்தாள். அவன் பட்டைகளை மூன்று மூன்று முறை இழுத்துப் பார்த்தான், பைக்கைப் பிடித்து உலுக்கினான், ஒருதரம் சுற்றி வந்து அழகு பார்த்தான். பைக் விஷயத்தில் வெண்டலைப் போலப் பொறுப்பான ஆள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. தொட்டிக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது.

முன்னறைக்கும் தொட்டிக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத சின்னத் தள்ளு கண்ணாடி ஒன்று உண்டு. கொண்டி அவன் பக்கம். அதன் வழியே அவன் ஃபோனில் பேசுவது அரைகுறையாகக் கேட்டது.

"காலையிலேயே சண்டை. 'லேட் பண்ணா நான் எங்கக்கா வேடா கூட போயிடுவேன்'னு சொல்லிட்டு இருந்தா. அக்கா கார்ல போயிட்டா போல. வீட்ல ஆளையே காணோம்."

வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்திருக்கலாமே என்று இருந்தது அவளுக்கு. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவளுடைய ஃபோன் கைப்பையில், கைப்பை முன் சீட்டின் காலடியில். அதைப் பார்த்தாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டாமா? அதன் மேலே அவனுடைய பூட்ஸ் சரிந்து கிடந்தது.

வண்டி வின்னமக்காவுக்குள் நுழைந்து சிக்னலில் நின்றபோது கத்தினாள். ரேடியோ அதைவிடச் சத்தமாகக் கத்தியது. யார்டின் மஞ்சள் பேருந்துகள் கூட்டின் பக்கக் கண்ணாடியில் வரிசையாக வந்து வரிசையாகப் போயின. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. கருவிப்பெட்டியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்துத் தள்ளு கண்ணாடியின் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஊரைத் தாண்டிப் பத்து மைல் போன பிறகு வண்டி திடுக்கென்று ஓரம் கட்டியது. தள்ளு கண்ணாடி திறந்தது. வெண்டலின் முகத்தில் பேயைப் பார்த்த களை.

"அடக் கடவுளே! நீ எப்படி உள்ள வந்த?"

"நீதான் வெச்சுப் பூட்டின. வண்டியத் திருப்பு."

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தான். "மணி எட்டு நாப்பது. ஒம்பது மணிக்குப் பேர் பதிவ மூடிடுவாங்க லொரெட்டா. இந்தத் தொடர்ல இது கடைசிப் பந்தயம், இத விட்டா வருஷம் பூரா சேர்த்த பாயிண்ட் போச்சு."

"எனக்குப் பத்து மணிக்கு டெஸ்ட்!"

"இல்லைன்னு சொன்னேனா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. பைக்க இறக்கினாத்தான் பின்கதவு திறக்கும். இங்க ரோட்டோரத்துல இறக்கி, மறுபடி ஏத்திக் கட்டணும்னா இருபது நிமிஷம். அங்க எப்படியும் இறக்கத்தானே போறேன்? பத்தே நிமிஷத்துல போயிடுவோம். இறக்கினதும் சாவிய நீ எடுத்துக்கோ. ஒம்பதரைக்கெல்லாம் யார்டுல இருப்ப."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வெண்டலிடம் உள்ள கஷ்டம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சொன்ன எதிலும் தப்பு இருந்ததில்லை. தேனிலவைப் பந்தயத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரே அலைச்சலில் முடியும் என்றான், முடிந்தது. ஊரை விட்டு இவ்வளவு தள்ளி வீடு வாங்கினால் பைக் ஓட்ட வசதி என்றான், வசதிதான். ஒவ்வொரு தடவையும் அவளும் யோசித்துப் பார்த்து, நியாயம்தானே என்று தலையாட்டியிருக்கிறாள். இப்போதும் மண்டியிட்டபடி, கூரையில் தலை இடிக்கத் தலையாட்டினாள்.

பந்தயத் திடல் வறண்ட சேஜ் புதர்களுக்கு நடுவே இருந்தது. எங்கே பார்த்தாலும் பிக்கப்புகள், புழுதி, வறுத்த பன்றி இறைச்சி வாசனை. வெண்டல் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்து, சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

"டேய், முதல்ல பைக்க இறக்கு!"

"ரெண்டே நிமிஷம்! கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன்!"

இரண்டு நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஆகஸ்ட் வெயில் கூட்டின் மேல் ஏறிக்கொண்டது. பெட்ரோல் நெடியில் தலை சுற்றியது. தேர்வுக்கென்று நல்லதாகப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி, முழங்காலில் கிரீஸ் ஏறியிருந்தது. பேருந்தை விட்டு இறங்கும் முன் ஓட்டுநர் கடைசி சீட் வரைக்கும் நடந்து போய், எந்தக் குழந்தையாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவள் உருப்போட்ட பாடத்தில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவர்களுக்கு ஒரு வெண்டலைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்பேனரால் கண்ணாடியைத் தட்டினாள். தொந்தியும் நரைத் தாடியுமாக ஒருவர் அந்தப் பக்கம் போனவர் நின்றார். ஓர்வில் என்று அவளுக்கு முகம் தெரிந்த பழைய பந்தயக்காரர். பைக்குக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள என்ன பண்றீங்க?"

"குடும்பம் நடத்துறேன். முதல்ல இந்தக் கண்ணாடியத் திறங்க."

அவர் கைப்பிடியைத் திருப்பினார். கண்ணாடி ஒரு சாண் எழும்பி, ஹேண்டில்பாரில் இடித்து நின்றது. அந்த இடுக்கில் வாயை வைத்துக் காற்றைக் குடித்தாள்.

"அந்தப் பட்டைய அவுத்து பைக்க இறக்கி விடுங்க. பத்து மணிக்கு டெஸ்டுக்குப் போகணும்."

ஓர்வில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அது மட்டும் கேக்காதீங்கம்மா. அடுத்தவன் கட்டின கட்டுல கை வைக்கறதில்ல. முப்பது வருஷமா வெச்சதில்ல."

இந்தப் பந்தயக்காரர்கள் அப்படித்தான். பெட்ரோல் தருவார்கள், டயர் தருவார்கள், கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டைத் தருவார்கள். இன்னொருவன் இறுக்கிய பட்டையைத் தொட மாட்டார்கள். நாளைக்கு ரோட்டில் பைக் விழுந்தால் கடைசியாகத் தொட்டவன் தலையில் விடியும். உள்ளே ஒரு பெண் வெந்துகொண்டிருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

"குடிக்க ஜில்லுனு ஏதாவது கொண்டாரட்டுமா?"

"வெண்டலக் கொண்டாங்க."

ஓர்வில் போய்விட்டு, கையில் ஒரு சோடாவோடு மட்டும் திரும்பி வந்தார். "லைன் நீளமா இருக்கும்மா. பேர் பதியற நேரத்தக் கூட்டியிருக்காங்க. ரெண்டே நிமிஷம்னு சொல்லச் சொன்னாரு." கேட்காமலே, "மணி ஒம்பது பத்து," என்றும் சொன்னார்.

லொரெட்டா சோடாவை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இங்கிருந்து யார்டுக்கு முப்பது நிமிஷம். அவன் வருவான், சிரிப்பான், எல்லாவற்றுக்கும் நியாயமாக ஒரு காரணம் சொல்வான், அவளும் தலையாட்டுவாள். அக்டோபரிலும் ஏதாவது ஒரு பந்தயம் இருக்கும். வெந்து சாகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இதே மாதிரி இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருக்கப்போகிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இடுக்கில் கையை விட்டாள். முதல் ராட்செட்டின் நாக்கை இழுத்து தட்டையாக விரித்ததும் பட்டை சர்ரென்று ஓடியது. அமுங்கிக் கிடந்த பைக்கின் முன்பக்கம் பெருமூச்சு விட்டு எழும்பியது. இரண்டாவது எளிதாகவே வந்தது. மூன்றாவதற்குத் தோள் வரைக்கும் நுழைக்க வேண்டியிருந்தது, சட்டை கிழிந்தது.

"அம்மா, வேணாம்மா," என்றார் ஓர்வில்.

"புடிச்சுக்கறதா இருந்தா புடிச்சுக்கோங்க. இல்லைன்னா தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். ஸ்பேனரை ஹேண்டில்பாரில் கொடுத்து நெம்பினாள். பைக் ஒரு கணம் தயங்கி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, சரளைக்கல்லின் மேல் மொத்தமாக விழுந்தது. திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தனை பேரை நிசப்தமாக்க அதைவிட நல்ல வழி கிடையாது. கண்ணாடி தானாக மேலே எழுந்தது. ஃபைலைப் பல்லில் கவ்விக்கொண்டு, கதவைத் தாண்டி, காலியான கேரியரில் கால் வைத்து இறங்கினாள்.

வெண்டல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். நேராக ஓடி வந்து பைக்கின் பக்கத்தில் மண்டியிட்டான்.

"க்ளட்ச் லீவர் ஒடிஞ்சு போச்சே!"

அவள் பின்கதவைத் திறந்து கருவிப்பெட்டியையும் பெட்ரோல் கேனையும் இறக்கி வைத்தாள். முன் சீட்டிலிருந்து ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாவற்றையும் எடுத்துக் கருவிப்பெட்டி மேல் அடுக்கினாள். அவன் விளையாட்டைக் கெடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. தொங்கிய பட்டைகளைச் சுருட்டி அவன் மடியில் போட்டாள்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். "வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா பைக்க எதுல ஏத்தறது? நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"தெரியல வெண்டல்," என்றாள். "யோசிச்சுப் பாரு."

யார்டை அடைந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தாறு. கிழிந்த சட்டையையும் முழங்கால் கிரீஸையும் தேர்வாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளைப் புரட்டினார். சக்கரம், விளக்கு, பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே பேருந்தைச் சுற்றி வந்தாள். பாகம் எதுவும் மறக்கவில்லை. உள்ளே ஏறிக் கடைசி சீட் வரைக்கும் நடந்தார்கள்.

"அவசரக் கதவு. செஞ்சு காட்டுங்க."

"வழியில எதுவும் மறிக்கக் கூடாது. உள்ள இருந்தே திறக்கணும்," என்று சொல்லி லொரெட்டா நெம்புகோலைத் தூக்கினாள். எச்சரிக்கை மணி அலற, பேருந்தின் பின்கதவு லேசாக, எந்தப் பிடிவாதமும் இல்லாமல் திறந்தது. வெயிலும் காற்றும் முகத்தில் அடித்தன. மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"ஒரு தடவ போதும்மா," என்றார் தேர்வாளர்.

"தெரியும்," என்றாள் லொரெட்டா. மூடிவிட்டு, இன்னொரு தடவை திறந்தாள்.