மேலே ஏறிய கல்

ரயில் ஓட்டுநர் சிக்னேவுக்குக் கோபம் வந்தது வலியால் அல்ல. வலி நின்று பதினோரு நாளாகிவிட்டது. தன்னைப் பற்றிய மருத்துவக் குறிப்பைக் கணினியில் திறந்து படித்தாள், அதனால்தான். "சிறுநீர்க் குழாயில் கல் இல்லை. தானாக வெளியேறியிருக்கிறது, நோயாளி கவனிக்கவில்லை. பதற்றக்காரர். ரயில் ஓட்டலாம்."

கவனிக்கவில்லையாம்! கல் இருப்பது தெரிந்த நாள் முதல் ஒரு சொட்டு விடாமல் சிறுநீரைக் காபி வடிதாளில் வடித்துப் பார்த்தவள் அவள். கல் குழாயின் அடியில் இருப்பதாகக் காட்டிய ஸ்கேன் படம் மூன்று வாரப் பழசு. சிகிச்சை அன்று புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லிக் கேட்டாள், எடுக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து உள்ளே துழாவினார்கள், ஒன்றும் அகப்படவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் உடம்பென்றால் அவ்வளவு இளப்பம்.

அந்தக் குறிப்பைக் காட்டினால் நாளைக்கே ட்ரோன்ட்ஹெய்மிலிருந்து வடக்கே போகும் ரயிலை அவள் எடுக்கலாம். ஒன்றரை மாதமாக அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தாள். ஆனால் முதல் வலி வந்தது சுரங்கப் பாதைக்குள். பின்னால் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல் இன்னும் உள்ளேயே இருந்தால்?

மறுநாள் காலை, அந்தக் குறிப்பை எழுதிய டாக்டர் ஹாவார்டின் மேசையில் ஒரு பையைத் தொப்பென்று போட்டாள்.

"இந்தாங்க டாக்டர். வடிகட்டின தாள் அத்தனையும் காய வச்சு, தேதி போட்டு வச்சிருக்கேன். கல்லை நீங்களே தேடிக்குங்க."

அவர் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தூளா உடைஞ்சு போயிருக்கும், சிக்னே. கல்லு கீழதானே வரும், மேலயா ஏறும்?"

"அதைப் படம் எடுத்துட்டுச் சொல்லுங்க. எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

எடுத்தார்கள். கல் குழாய் வழியே மேலேறி, சிறுநீரகத்துக்கே திரும்பிப் போய்ச் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஹாவார்டின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ரொம்ப அபூர்வம்! மாணவர்களைக் கூப்பிடட்டுமா? பார்த்துக்கட்டும்."

"நான் என்ன கண்காட்சியா? மொதல்ல நீங்க எழுதினதை மாத்துங்க."

"எழுதினதை அழிக்க முடியாது. கீழ சேர்க்கத்தான் முடியும்."

"சேருங்க. வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே."

காது சிவக்க அவர் கணினியில் தட்டினார். "கல் வெளியேறவில்லை. நோயாளி சொன்னது சரி. சிகிச்சைக்கு முன் நான் படம் எடுத்திருக்க வேண்டும்." அங்கே விரல் நின்றது. "அடுத்த வரி உங்களுக்குப் பிடிக்காது."

"தெரியும். எழுதுங்க."

"கல்லை எடுக்கும்வரை ரயில் ஓட்டக் கூடாது."

"எப்ப எடுப்பீங்க?"

"வரிசை நீளம். செப்டம்பர் ஆயிடும்."

மார்ச் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அழக்கூடாது, இந்த ஆள் முன்னால் மட்டும் கூடாது. சிக்னே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கே ஒரு படம் எடுத்திருந்தா கல்லையும் எடுத்திருப்பீங்க, டாக்டர். இந்நேரம் நான் வண்டியில இருந்திருப்பேன்."