மாமா என்று கூப்பிட ஒரு நிபந்தனை

அடிபட்ட கார்களைப் பார்த்து, யார் மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் அப்பாவின் வேலை. ஓய்வு பெறும்வரை ஊரில் பாதிப் பேர் மேல் தப்பு எழுதிவிட்டார். அவர் மேல் எழுதும் பாக்கியம்தான் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு தாத்தாவின் பழைய காரை எடுத்து, அதன் எஞ்சினைக் கடைசி நட்டு வரை கழற்றினார். அம்மாவின் கேக் தட்டில் வால்வுகள் வரிசையாக உட்கார்ந்தன. பிஸ்டன்கள் சோபாவில். விருந்தாளிகள் நின்றுகொண்டே காபி குடித்தார்கள். எல்லாவற்றையும் அவர் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் காதலிக்கும் பல் டாக்டரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு ஆசைப்பட்டுட்டா, சரி. ஆனா மாமான்னு கூப்பிடறதெல்லாம் இந்த வண்டி ஸ்டார்ட் ஆனப்புறம். அதுவரைக்கும் சார்."

டாக்டர் சந்தோஷமாகச் சம்மதித்தான். நாள் முழுக்க வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்கு எஞ்சின் ஒரு பொருட்டா? எஞ்சின்தான் சம்மதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுடைய அப்பா அம்மா கல்யாணம் பேச வருவதாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அவர்களை இந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கார் கிளம்பாவிட்டால் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமாம். அப்பாவின் 'இன்னொரு நாள்' எப்போது வரும் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். சமையலறைக் குழாயை அவர் இன்னும் மாற்றவில்லை.

காலையிலிருந்து ஷெட்டில் ஒரே அமளி. சாவியைத் திருப்பும் பொறுப்பு என் தாய்மாமனுக்கு. சீட்டில் சாய்ந்தபடி இரண்டு விரலால் திருப்புவார். எஞ்சின் சுற்றும், இருமும், கார்புரேட்டர் வழியாக 'டப்'பென்று தும்மும். அவ்வளவுதான்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு அத்தான்," என்றார் மாமா.

பெட்ரோலை மாற்றினார்கள். தும்மல்.

"ஸ்பார்க் வருதா பாரு டாக்டர்," என்றார் மாமா. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பொறி நீலமாகத் துள்ளியது. மாட்டினார்கள். தும்மல்.

"பேட்டரி மட்டமான பேட்டரி. விக்கிறவன் மேல கேஸ் போடணும்," என்றார் அப்பா. பழைய பழக்கம்.

டாக்டர் மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்ப்பதும், அப்பாவைப் பார்ப்பதும், துணியால் கையைத் துடைப்பதுமாக இருந்தான். எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பங்கு போடும் உருண்டை அது. அப்பா வேறு யாரையும் தொடவிடாமல் தானே மாட்டியது. மாட்டியதும் போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

நான் டாக்டரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"உனக்கு என்னன்னு தெரியும்ல?"

"தெரியும்னு இல்ல... பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும். ஒரு தடவை காத்தை அழுத்திக்கிட்டு, இன்னொரு தடவை புகையைத் தள்ளிக்கிட்டு. பொறி முதல் தடவைக்கு வரணும். உங்கப்பா ரெண்டாவது தடவைக்கு வச்சு மாட்டியிருக்கார். தூக்கி அரைச்சுத்து திருப்பி வச்சா போதும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"நேத்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் மனசு கஷ்டப்படுமே. ராத்திரி யாரும் இல்லாதப்போ நானே திருப்பிடலாம்னு..."

"ராத்திரி உங்கப்பா அம்மா திரும்பிப் போயிருப்பாங்க. இங்க பாரு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வராத வீட்டுலதான் நான் வளர்ந்தேன். அப்படி இன்னொரு வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

நோயாளிகளிடம் "வலிக்காதுங்க" என்று சொல்லியே தொழில் நடத்துகிறவன் அவன். நேராக ஷெட்டுக்குள் போய் அப்பா முன்னால் நின்றான்.

"சார், கொஞ்சம் வலிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை நீங்க தப்பா மாட்டியிருக்கீங்க."

மாமா சாவியிலிருந்து கையை எடுத்தார். காபி கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றாள்.

"அடையாளக் கோடு சரியாத்தான் இருந்தது," என்றார் அப்பா, குரலே உயராமல். அது மோசமான அறிகுறி.

"பிஸ்டன் மேல வர்ற ரெண்டு தடவையும் கோடு சரியா வரும் சார். முதல் பிளக்கைக் கழட்டிட்டு ஓட்டைல விரலை வைங்க. நான் கையால சுத்தறேன்."

அப்பா விரலை வைத்தார். டாக்டர் மெதுவாகச் சுற்றினான். கோடு நேராக வந்தது. உருண்டையும் முதல் பிளக்கைக் காட்டியது. விரலில் காற்றே இல்லை. இன்னொரு சுற்று. காற்று விரலைப் பிதுக்கித் தள்ளியது. அப்பா அந்த விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே உருண்டையைத் தூக்கினார். திருப்பினார். இறக்கினார். பிளக்கை மாட்டினார். மாமா சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே உறுமலில் உயிர்பெற்று, ஷெட் முழுக்கப் புகையைக் கக்கியது.

"டிசைன் கோளாறு," என்றார் அப்பா. "ரெண்டு விதமாவும் மாட்டற மாதிரி எவன் செஞ்சான்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் மென்னு முழுங்கினதை இந்தப் பிள்ளை ஒரு வாய்ல சொல்லிடுச்சு," என்று அம்மா காபியை முதலில் டாக்டருக்கு நீட்டினாள்.

"சார், ஸ்டேஷனுக்கு நேரமாகுது..."

"என்ன சாரு மோருன்னு? மாமான்னு கூப்பிட வாய் வலிக்குதா?" அப்பா முன் கதவைத் திறந்தார். "ஏறு. ஆனா ஒண்ணு. என் பல்லை மட்டும் நீ தொடக்கூடாது."