ரெண்டாவது கியர்

"ஏம்மா, தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம் பண்ண வண்டிய நியூட்ரல்ல விட்டிருப்பீங்க. அப்படின்னா கிளெய்ம் கஷ்டம்" என்றார் இன்சூரன்ஸ் சர்வேயர். பட்டறையில் நின்ற என் வண்டியை அவர் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாங்கி எட்டு மாதமே ஆன பிக்கப். கம்பைநல்லூர்த் தக்காளியோடு சேலத்துக்கு நான்தான் ஓட்டிப்போனேன். முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறையில் மோதினேன். இன்ஜின் கேபினுக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் நிறையப் பேர். நான் விடுவதில்லை. ஆனால் அடிபட்ட வண்டியை இழுக்க வருகிறவன் முதல் வேலையாக அதை நியூட்ரலுக்குத்தான் தள்ளுவான். அதனால் என் கைக்குக் கட்டுப் போடும் முன்பே அவனிடம் கத்தினேன்: "கியரைத் தொடாத! கிரேன் வெச்சுத் தூக்கு!"

சர்வேயரைக் கேபின் பக்கம் கூட்டிப்போனேன்.

"இந்தக் கியர் ராடை நியூட்ரலுக்குக் கொண்டாந்துட்டீங்கன்னா எனக்குக் கிளெய்மே வேண்டாங்க."

ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். நசுங்கிய தகரத்துக்குள் இறுகிப்போயிருந்த ராடு அசையவே இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"எத்தனாவது கியருங்க, மேடம்?"