மாஸ்டரம்மாவின் முன்பல்

மாஸ்டரின் மனைவிக்குக் கத்தரிக்கோலைக் கண்டால் அலட்சியம். மிஷின் மேலேயே கிடக்கும், கை நீட்டினால் எட்டும். நீட்ட மாட்டாள். தைத்து முடித்த இடத்தை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய், முன்பல்லால் நூலை நறுக்கென்று கடித்துவிட்டு அடுத்த துணிக்குப் போய்விடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பழக்கம். எத்தனை சட்டை, எத்தனை பாவாடை, எத்தனை தலையணை உறை! அத்தனையிலும் அவள் பல் பட்டிருக்கிறது. போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்குத்தான் தெரியாது.

"ஏம்மா, கத்திரிய என்ன அழகுக்கா வாங்கி வச்சிருக்கேன்?" என்பார் மாஸ்டர்.

"அதத் தேடி எடுக்குற நேரத்துல ஒரு காலரே தச்சிடுவேன். பல்லு எங்க போகப்போகுது, வாய்லதான இருக்கு" என்பாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டுவது அவர், தைப்பது அவள். வெட்டுகிறவர் என்பதால் தெருவுக்கு அவர் மாஸ்டர். அதனால் அவள் மாஸ்டரம்மா. ஆனால் கடையின் முதலாளி யார் என்று கேட்டால் தெருவில் சின்னக் குழந்தைகூட மிஷின் பக்கம்தான் கையைக் காட்டும்.

மாஸ்டரம்மா சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, மிதியை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அளவு கொடுக்க வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள். பெண் பார்க்கப் போன அன்று, மாஸ்டர் நாற்காலி இருக்கிற இடம் என்று நினைத்து இல்லாத இடத்தில் உட்கார்ந்து தொப்பென்று விழ, பெண் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பெரியவர்கள் பதறிப்போனார்கள். தரையில் கிடந்த மாஸ்டரோ, கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முதலில் முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. நூல் அறுத்து அறுத்து வந்தது. அதை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? பிறகு விரிசல் விட்டது. பிறகு பல் கறுத்தது. பிறகு வலி வந்தது பாருங்கள், அப்படி ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்று எழுத ஆசைதான், கடித்தால்தான் உயிர் போயிற்றே! சூடு ஆகவில்லை, குளிர் ஆகவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே ஒரு கையால் துணியைத் தள்ளினாள்.

வலியைக்கூட மாஸ்டர் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும். வாயைப் பொத்தக் கை ஏது? அதனால் மிஷினில் இருக்கும்போது சிரிப்பதையே விட்டாள். நாளெல்லாம் மிஷினில்தான் இருந்தாள். மாஸ்டர் தனக்குத் தெரிந்த பழைய ஜோக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார், இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆடிக்கூடப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு, "போதும், வேலையப் பாருங்க" என்றாள்.

கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பல் கிளினிக்குக்குப் போனார்கள். நல்ல டாக்டர், பொறுமையாகப் பார்த்தார். "பல்லைக் காப்பாத்தலாம். வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி, மேல கேப் போடணும்" என்றார். எவ்வளவு ஆகும் என்பதையும் சொன்னார். மாஸ்டரும் மாஸ்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காசுக்கு மோட்டார் வைத்த புது மிஷினே வாங்கலாம்.

"பிடுங்குறதுன்னா டாக்டர்?" என்று அவள்தான் கேட்டாள்.

அது கட்டுப்படியாகிற விலையாக இருந்தது. அதெப்படியோ, ஏழை வீட்டுப் பல்லுக்கு மட்டும் எப்போதும் பிடுங்குவதுதான் மலிவாக இருக்கும். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, வடிந்ததும் வரச் சொன்னார் டாக்டர்.

அந்த வீட்டில் பல் டாக்டரிடம் போவது என்றால் பல்லைக் கொடுத்துவிட்டு வருவது என்றுதான் அர்த்தம். மாஸ்டருக்கே வலப்பக்கக் கடைவாயில் ஒன்றும் கிடையாது. சாப்பாடெல்லாம் இடப்பக்கமாகத்தான். பிடுங்கிய பல்லை அங்கே விட்டுவிட்டு வரவும் அவருக்கு மனசு வராது. "காசு குடுத்துப் பிடுங்கிட்டு, பொருள அவங்க கிட்டயே விட்டுட்டு வர்றதா?" என்று வாங்கி வந்து பட்டன் டப்பாவில் போட்டுவைப்பார். ஒருமுறை மாஸ்டரம்மா அவசரத்தில் அதை எடுத்து ஒருவர் சட்டையில் தைக்கப் போய்விட்டாள். நல்லவேளை, அதில் ஓட்டை இல்லை.

வீக்கம் வடியக் காத்திருந்த நாட்களில் மாஸ்டர் ஒரு திருட்டு வேலை செய்தார். அவளுக்கு இதுவரை வெட்டிய உடுப்புத் துணிகளில் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். அவள் மளிகைக் கடைக்குப் போகிற நேரம் பார்த்து, அவளுடைய மிஷினிலேயே உட்கார்ந்து, அந்தத் துண்டுகளில் மாஸ்க் தைத்தார். நீல உடுப்புக்கு நீல மாஸ்க், பூப்போட்டதற்குப் பூப்போட்டது. பல் போன இடம் தெரியாமல் மறைத்துக்கொண்டால் அவள் பழையபடி சிரிப்பாள் என்று அந்த மனிதருக்கு ஒரு நினைப்பு. வெட்டுவதில் அவர் புலிதான். தையல் மட்டும் தள்ளாடித் தள்ளாடித்தான் போகும். ஓரமெல்லாம் நூல் தொங்கியது. தைக்கத் தைக்க மாஸ்டருக்குக் கண் கலங்கியது, ஊசி தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் பல் மருத்துவக் கல்லூரியில் துப்புரவு வேலை செய்கிற அக்கா, சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அட, எங்க காலேஜுக்கு வாங்களேன். படிக்கிற பிள்ளைங்கதான் பாப்பாங்க, ஆனா பெரிய டாக்டருங்க பின்னாலயே நிப்பாங்க. பேருக்குத்தான் காசு வாங்குவாங்க. என்ன, காலைலயே போய் வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பிடுங்குவதையும் மலிவாகப் பிடுங்கிவிடலாமே என்று கிளம்பினார்கள். மாஸ்டர் கைப்பையில் மாஸ்க்குகளை அடியில் வைத்து, மேலே பட்டன் டப்பாவை வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் அப்படி ஒரு கூட்டம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் ஊரே பல்வலியில் இருப்பது போலிருந்தது. கூப்பிட்டதும் மாஸ்டரம்மா எழுந்தாள். கூட வருபவர்களுக்கு உள்ளே இடமில்லை. கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கையை ஆட்டினார். அவள் உள்ளே போனதும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பல்லை நேற்றே நன்றாகப் பார்த்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது. விரிசல் விட்டுக் கறுத்துப்போன பல்தான். இருந்தாலும் அது அவளுடையது.

ரொம்ப நேரம் கழித்து வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவி வெளியே வந்தாள். மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். "டைலர் அம்மா கூட வந்தவங்க யாரு?"

மாஸ்டர் எழுந்தார். டப்பாவைத் திறந்து, பட்டன்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, இடம் பண்ணி நீட்டினார்.

மாணவி டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"பல்லும்மா. குடுத்துடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

"பல்லு வாய்லதாங்க இருக்கு!"

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நேரம் உள்ளே என்னதான் செய்தார்கள்?

"படம் எடுத்துப் பாத்தோம். வேர் நல்லா இருக்கு. சுத்தம் பண்ணி, அடைச்சு, கேப் போட்டுடலாம். உங்க வீட்டம்மாதான் பிடுங்கியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க வந்து சொல்லுங்களேன்" என்றாள் மாணவி.

மாஸ்டர் பயந்துகொண்டே காசைக் கேட்டார். சொன்னாள். காதில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தரம் கேட்டார். அதே தொகைதான். இரண்டு உடுப்புத் தைக்கிற கூலிக்குள் அடங்கிவிடும். தலைகால் புரியாமல், டப்பாவைக்கூட மூடாமல் உள்ளே ஓடினார்.

வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். மாஸ்டரம்மா கழுத்தில் காகிதத்துண்டு கட்டிக்கொண்டு விறைப்பாகப் படுத்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிடுங்கச் சொல்லுங்க" என்றாள் மாஸ்டரம்மா, இவரைக் கண்டதுமே. "நாலு தடவ வரணுமாம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் போயிடும். ஸ்கூல் திறக்கப் போகுது, யூனிஃபார்ம் மலை மாதிரி கிடக்கு. யார் தைக்கிறது? பிடுங்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்."

"நான் தைக்கிறேன்" என்றார் மாஸ்டர்.

"நீங்களா?" சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. பழக்கப்படி கை வாய்க்குப் போய்விட்டது. "அதப் பிள்ளைங்க போட்டுக்கிட்டுப் போனா ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா? அதுவுமில்லாம, இந்தப் பொண்ணு முன்பல்லுக்கு இப்பதான் முதல் தடவையா செய்யுதாம். பழகுறதுக்கு என் பல்லுதான் கிடைச்சுதா?"

மாணவியின் முகம் சுருங்கிவிட்டது. "மேடம் கூடவே இருப்பாங்கம்மா" என்றாள் மெல்ல.

"நீ பழகுறப்ப எத்தன பேர் சட்டைய நாசம் பண்ணின?" என்றார் மாஸ்டர். "எங்க மாமாவுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மனுஷன் அதப் போட்டுக்கிட்டு ஒரு வருஷம் திரிஞ்சாரே, வாயத் திறந்தாரா? பாவம்மா, பிள்ள பழகிட்டுப் போகுது."

"அதுக்கு இல்லைங்க..."

"வேற எதுக்கு?" என்றார் மாஸ்டர். சுற்றிலும் ஆட்கள் இருப்பதெல்லாம் மறந்துபோயிற்று. "எனக்கு நீ சிரிக்கணும். கைய வச்சுப் பொத்தாம சிரிக்கணும். நீ சிரிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? வீடு வீடாவே இல்ல."

பக்கத்து நாற்காலியில் வாயைப் பிளந்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரம்மாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "எங்க வந்து என்ன பேசுறீங்க, மானம் போகுது" என்று முணுமுணுத்தாள். பிறகு மாணவியைப் பார்த்து, "ஊசி வலிக்குமா?" என்று கேட்டாள். அப்போதே சம்மதித்துவிட்டாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களை மாஸ்டர் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். துணைக்கு உட்கார வேண்டாம் என்று அவளை மட்டும் அனுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். ஒரு கால்சட்டையின் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டார். இன்னொன்றில் இரண்டு இடக்கால். அவள் மரத்துப்போன உதட்டோடு வந்து, பேச முடியாமல் தலையில் அடித்துக்கொண்டு, அதைப் பிரித்துத் திரும்பத் தைப்பாள். ஒருவர் பொறுமையில்லாமல் துணியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்கே போய்விட்டார். மாஸ்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாத்தீங்களா, இந்தப் பாழாப்போன பல்லால..." என்றாள்.

"போனா போகட்டும், அடுத்த வருஷம் இங்கதான் வருவாரு" என்றார் மாஸ்டர். வருவார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

கேப் போடுகிற அன்று மட்டும் அவரும் கூடப் போனார். இந்தத் தடவை உள்ளே விட்டார்கள். டப்பாவோடு வந்தவர் என்று அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேப்பைப் பொருத்தினாள். பெரிய டாக்டரம்மா குனிந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கே" என்றார். மாணவிக்கு அழுகையே வந்துவிட்டது. மாஸ்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். மாஸ்டரம்மா உதட்டை விலக்கிப் பார்த்தாள். எந்தப் பல் என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

"அம்மா, ஒரே ஒரு விஷயம். இனிமே நூல் மட்டும் கடிக்கவே கூடாது. கடிச்சா கேப் போயிடும்" என்றாள் மாணவி.

"அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்றார் மாஸ்டர் பெருமையாக. நாடாவில் கோத்த குட்டிக் கத்தரிக்கோல் ஒன்றை அதே கைப்பையிலிருந்து வெடுக்கென்று உருவினார். கத்தரியோடு சிக்கிக்கொண்டு பட்டன் டப்பாவும் அடியில் இருந்த மாஸ்க்குகளும் தரையில் கொட்டின. மாஸ்க்குகளைப் பற்றி அவர் மறந்தே போயிருந்தார்.

மாஸ்டரம்மா கத்தரியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து ஒரு மாஸ்க்கை எடுத்தாள். "இது என் நீல டிரஸ் துணியில்ல?" இன்னொன்றை எடுத்தாள். "இது நம்ம முதல் தீபாவளிக்குத் தச்சது. இந்தத் துண்டெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க? எதுக்கு இது?"

மாஸ்டர் அசடு வழிந்தார். "பல்லப் பிடுங்கிட்டா... நீ வெளிய போக சங்கடப்படுவியேன்னு..."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். பூப்போட்டது, கோடு போட்டது, அந்தப் பழைய மஞ்சள். கோணல்மாணலாக ஓடிய தையலைப் பார்த்தாள். ஓரத்தில் தொங்கிய நூலைப் பார்த்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாஸ்க்கை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அய்யய்யோ!" என்று அலறினார்கள் மாஸ்டரும் மாணவியும் ஒன்றாக.

பல் நூலைத் தொடுகிற இடத்தில் மாஸ்டரம்மா அப்படியே நின்றாள். கண்ணை உருட்டி அவர்களைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய கத்தரியைப் பார்த்தாள். அடுத்த கணம் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து சிரித்தாளே ஒரு சிரிப்பு! வரிசையில் வாயைப் பிளந்திருந்தவர்களெல்லாம் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் கீழே சிதறிய பட்டன்களைப் பொறுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கையிலும் மாஸ்க் இருந்ததால் வாயைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. இருந்திருந்தாலும் பொத்தியிருக்க மாட்டாள்.